250 மதிப்பெண் அறம்

2013-ஆம் ஆண்டில் இந்திய அரசு அறத்தை முன்னிட்டு இரண்டு காரியங்கள் செய்தது. குடிமைப் பணித் தேர்வில் அறவியலுக்கென்று தனித்தாள் ஒன்றைக் கொண்டுவந்து அதற்கு 250 மதிப்பெண் ஒதுக்கியது. மனிதர் மலத்தை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டது. முதல் காரியம் ஓஹோவென்று நடக்கிறது. சென்னை அண்ணா நகரில் அதற்கென்றே பயிற்சி மையங்கள், மாதிரித் தேர்வுகள், ஜெராக்ஸ் கடை வாசலில் கட்டுக் கட்டாக நோட்ஸ். இரண்டாவது காரியம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஊரில் எங்கேயாவது பாதாளச் சாக்கடை பொங்குகிற அன்று அந்தத் தெருவுக்குப் போய் நின்று பார்த்தால் போதும்.

அறவியல் தாளில் "நீங்கள் ஒரு மாவட்ட ஆட்சியர்" என்கிற மாதிரித் தொடங்கும் கேள்விகள் வரும். விடை எழுதுவதற்குப் பயிற்சி மையங்களில் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. முதலில், சம்பந்தப்பட்டவர்கள் யார் யார் என்று ஒரு வரி. அடுத்து, இதில் என்னென்ன அறச்சிக்கல்கள். அப்புறம் உங்கள் முன்னால் இருக்கும் வழிகள், ஒவ்வொன்றின் சாதக பாதகங்கள். நடுவில் காந்தி கொஞ்சம், இம்மானுவேல் கான்ட் கொஞ்சம். கடைசியில் யார் மனமும் நோகாத ஒரு நடுவழி. அதில் போனால் மதிப்பெண் நிச்சயம்.

நாமும் ஒரு கேள்வி தயாரிப்போம். நீங்கள் ஒரு நகராட்சி ஆணையர். ஒரு தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஏறுகிறது. கவுன்சிலர் காலையிலிருந்து போன் மேல் போன். அடைப்பெடுக்கும் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. ஒப்பந்ததாரர், "ரெண்டு பசங்களை இறக்கிவிட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும் சார்" என்கிறார். என்ன செய்வீர்கள்? 250 சொற்களுக்குள் எழுதுக.

இதற்கு ஒரே சொல்லில் விடை உண்டு: இறக்கமாட்டேன். மீதி 249 சொற்களைத்தான் முப்பது வருடமாக அரசாங்கம் எழுதிக்கொண்டிருக்கிறது.

மேலைநாட்டு அறவியல் வகுப்புகள் டிராம் வண்டியில் தொடங்கும். 1967-ல் ஃபிலிப்பா ஃபுட் என்ற தத்துவப் பேராசிரியை ஓட்டிவிட்ட வண்டி அது. பிரேக் பிடிக்காத டிராம் ஒன்று ஓடி வருகிறது. போகிற பாதையில் ஐந்து பேர், பக்கத்துத் தண்டவாளத்தில் ஒருவர். திருப்பிவிட்டால் ஐவர் பிழைப்பார்கள், ஒருவர் சாவார். திருப்பலாமா? பின்னால் வந்த ஜூடித் ஜார்விஸ் தாம்சன், பாலத்தின் மேல் ஒரு குண்டு மனிதரை நிறுத்தி, அவரைத் தள்ளிவிட்டு வண்டியை நிறுத்தலாமா என்று கேட்டார். அரை நூற்றாண்டாக அறிஞர்கள் அந்தப் பாலத்தைவிட்டு இறங்கவில்லை.

நம்முடைய சிக்கலில் அவ்வளவு நுட்பம் கிடையாது. இங்கே ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைக் கொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பிரேக் இருக்கிறது. அதற்கு விலை இருக்கிறது, டெண்டர் இருக்கிறது, பக்கத்து மாநிலத்தில் அதைச் செய்து விற்கும் நிறுவனமே இருக்கிறது. ஆளுக்குப் பதிலாகக் குழிக்குள் இறங்கி அள்ளும் இயந்திரத்தைத் திருவனந்தபுரத்தில் 2018-லேயே ஓட்டிக் காட்டிவிட்டார்கள். நாம் வண்டியைத் திருப்பவும் இல்லை, போதுமான பிரேக் வாங்கவும் இல்லை. தண்டவாளத்தில் யார் நிற்க வேண்டும் என்பதை மட்டும் எந்த டிராமும் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறோம்.

குழிக்குள் என்ன நடக்கிறது என்று அறவியல் நோட்ஸில் இருக்காது. வேதியியல் புத்தகத்தில் இருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால், பத்து லட்சத்தில் நூறு பங்கு வந்தாலே, மூக்கு சில நிமிடத்தில் மரத்துப் போகும். நாற்றம் போய்விட்டது, வாயுவும் போய்விட்டது என்று இறங்கியவர் நினைப்பார். அளவு இன்னும் சில மடங்கு கூடினால் இரண்டு மூச்சில் சாய்த்துவிடும். காற்றைவிடக் கனமான வாயு, அடியில்தான் தேங்கும். குனிந்தவர் நிமிரமாட்டார். மேலே கயிறு பிடித்திருப்பவர் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் வராது. அவரும் இறங்குவார். அவரைத் தேடி இன்னொருவர். பத்திரிகையில் இந்தச் சாவுகள் இரண்டாக, மூன்றாக வருவதற்குக் காரணம் இதுதான்.

1972-ல் பீட்டர் சிங்கர் கேட்ட கேள்வி ஒன்று உலகம் முழுக்க முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது. சட்டை அழுக்காகுமே என்று கரையில் நிற்பீர்களா? சட்டையே போடாமல் இடுப்பில் கயிறும் கட்டாமல் மூன்றாவதாகக் குழிக்குள் குதித்தவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. அவர் விடையை எழுதிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் தீயணைப்பு வண்டி வரும். பிணத்தை எடுக்க இறங்குகிற வீரர் முகத்தில் பிராணவாயுக் கவசம் இருக்கும். ஆக, ஊரில் கவசம் இல்லாமல் இல்லை. உயிரோடு இறங்குகிறவருக்குக் கிடைக்காதது, அவர் பிணமானதும் வண்டி கட்டிக்கொண்டு வருகிறது.

சாக்ரடீஸ் ஏதென்ஸ் சந்தையில் ஆட்களை வழிமறித்து, வீரம் என்றால் என்ன, நீதி என்றால் என்ன என்று வரையறை கேட்டு நச்சரிப்பாராம். நம் ஊர் அலுவலகம் எதற்காவது அவர் வந்திருந்தால் நச்சரிக்கவே தேவைப்பட்டிருக்காது.

"ஐயா, சாக்கடையில் இறங்கிய ஒருவர் இறந்துவிட்டாராமே?"

"உட்காருங்க பெரியவரே. மலம் அள்ளும்போது யாரும் சாகலை."

"குழிக்குள் என்ன இருந்தது?"

"கழிவுநீர்."

"அதில் மலம் இல்லையா?"

"கலந்திருக்கும். ஆனா அவர் மலம் அள்ளுறவர் கிடையாது. அபாயகரமான துப்புரவு செஞ்சவர். அது வேற செக்‌ஷன்."

"அபாயகரமான துப்புரவு என்பது யாது?"

"பாதுகாப்புக் கருவி இல்லாம இறங்கிச் செய்யுறது."

"கருவி கொடுத்திருந்தால்?"

"அப்ப அபாயகரமானது இல்லைன்னு ஆயிடும்."

"அப்போதாவது அவர் மலம் அள்ளுகிறவர் ஆவாரா?"

"எப்படி ஆவார்? அரசு சொன்ன கருவி, கவசத்தோட செஞ்சா அவர் மலம் அள்ளுறவராகக் கருதப்பட மாட்டார்னு சட்டத்திலேயே விளக்கம் போட்டிருக்காங்களே."

"சரி. நீங்கள் கவசம் கொடுத்தீர்களா?"

"அவர் எங்க ஆளே இல்லையே. ஒப்பந்ததாரர் ஆள்."

"ஒப்பந்ததாரர் கொடுத்தாரா?"

"அவர் உள்குத்தகைக்கு விட்டுட்டார்."

"உள்குத்தகை எடுத்தவர் யார்?"

"அவர் பேர் ஃபைல்ல இல்லை."

"இறந்தவர் பேர்?"

"அதுவும் இப்போதைக்கு இல்லை. ஆதார் கேட்டிருக்கோம்."

"அப்படியானால் இறந்தது யார், ஐயா?"

"அதைத்தானே நானும் மொதல்லயே சொன்னேன், பெரியவரே? யாரும் சாகலை."

நஞ்சுக் கோப்பையைச் சாக்ரடீஸ் இந்த இடத்தில் தானே கேட்டு வாங்கியிருப்பார்.

உரையாடல் கற்பனை. அதிலுள்ள தர்க்கம் இந்திய நாடாளுமன்றத்துக்குச் சொந்தமானது. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் இணை அமைச்சர் ராம்தாஸ் அத்வாலே, கையால் மலம் அள்ளியதால் இறப்பு எதுவும் பதிவாகவில்லை என்று எழுத்துமூலம் பதில் தந்தார். பொய் என்று சொல்லிவிட முடியாது. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் செத்தவர்கள் வேறு பத்தியில் இருந்தார்கள். அந்த வேறு பத்தியில் 1993 முதல் சேர்ந்த பேர்கள் ஆயிரத்தைத் தாண்டும். மாநிலவாரியாக எடுத்தால் தமிழ்நாடுதான் முதலிடம், இருநூறுக்கும் மேல். எதிலெல்லாமோ முதலிடம் என்று முழுப்பக்க விளம்பரம் கொடுக்கும் மாநிலம் இது. இந்த முதலிடத்துக்கு மட்டும் இரண்டு கழக ஆட்சிகளும் அரைப் பக்கம்கூடக் கொடுத்ததில்லை. சமூகநீதி மண் என்று மேடையில் முழங்குகிறவர்கள், மண்ணுக்கு அடியில் பத்தடியில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு முழங்கட்டும்.

மத விவகாரத்துக்கு வருவோம். பிளேட்டோ எழுதிய 'யூதிஃப்ரோ' என்ற உரையாடலில் ஒரு புதிர் வரும். ஒரு செயல் நல்லது என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால் அது நல்லதாகிறதா? சமய அறவியலில் பால பாடம். நம் நாட்டுக்கு ஏற்றபடி அதைத் திருப்பிக் கேட்கலாம். அந்த வேலை இழிவு என்பதால் அந்தச் சாதியிடம் கொடுத்தார்களா, அந்தச் சாதியிடம் கொடுத்ததால் அந்த வேலை இழிவாயிற்றா? இரண்டில் எது என்று சொன்னாலும் சொன்னவர் மாட்டிக்கொள்வார். அதனால்தான் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: அது இழிவே இல்லை, புனிதம்!

இந்தப் புனித வியாபாரத்துக்கு வயது அதிகம். 1936-ல் காந்தி தன் 'ஹரிஜன்' இதழில் இலட்சியத் துப்புரவாளர் எப்படி இருக்க வேண்டும் என்று கட்டுரை எழுதினார். மலத்தின் நிறத்தையும் தன்மையையும் பார்த்து ஊராரின் உடல்நலத்தைச் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டுமாம். எழுதியவர் தன் கக்கூஸைத் தானே கழுவியவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கழுவிவிட்டு வெளியே வர அவருக்கு ஒரு வெளி இருந்தது. வறுமையும் சாதியும் பூட்டி வைத்த அறைக்குள் இருப்பவரிடம் அறையின் பெருமையைப் பாடுவதற்குப் பேர் கொடூரம். அம்பேத்கர் 1945-ல் தன் புத்தகத்தில் அந்தப் பாட்டைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார். கிழித்தது போதவில்லை. 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதமர் ஐந்து துப்புரவுத் தொழிலாளர்களை உட்காரவைத்து, கேமராக்கள் சூழ, பாதம் கழுவித் துடைத்தார். அந்த ஒரே ஆண்டில் சாக்கடைகளிலும் செப்டிக் டேங்குகளிலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்கள் காலைக் கழுவ யாரும் வரவில்லை. கழுவுவதற்கு முன்னால் குழியிலிருந்து எடுக்க வேண்டுமே.

இதற்குப் பதில் பகுத்தறிவுதான் என்று உடனே மார்தட்ட வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடவுள் உண்டா இல்லையா என்று இந்த மாநிலம் நூறு வருடமாகச் சண்டை போட்டிருக்கிறது, நல்ல சண்டைதான். உண்டு என்பவர் வீட்டிலும் செப்டிக் டேங்க் நிரம்புகிறது, இல்லை என்பவர் வீட்டிலும் நிரம்புகிறது. இரண்டு பேரும் போன் போட்டுக் கூப்பிடுவது ஒரே சேரி ஆளை. கர்மவினையை நம்புகிறவர் முற்பிறப்பைக் காரணம் சொல்வார். நம்பாதவர் மார்க்கெட் ரேட்டைக் காரணம் சொல்வார். இறங்குகிறவருக்கு இதில் வித்தியாசம் தெரிந்தால் எனக்கும் சொல்லட்டும்.

அரசியல் தத்துவத்தில் ஜான் ரால்ஸ் 1971-ல் ஒரு திரையைத் தொங்கவிட்டார். சமூகத்துக்கு விதி எழுத உட்காருகிறீர்கள். அதில் நீங்கள் யாராகப் பிறப்பீர்கள், ஏழையா பணக்காரரா, எந்தக் குலம் என்று உங்களுக்குத் தெரியாது. அப்படித் தெரியாமல் எழுதுகிற விதிதான் நியாயமான விதி என்றார். அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு இப்படியெல்லாம் கற்பனை செய்யலாம். நம்மிடம் கணக்கே இருக்கிறது. கையால் மலம் அள்ளுவோர் என்று அரசு அடையாளம் கண்டது 58,098 பேர். 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னபடி, அதில் சாதி விவரம் தெரிந்தது 43,797 பேருக்கு. அவர்களில் பட்டியல் சாதியினர் 42,594. குலுக்கல் சீட்டில் இப்படி விழுந்தது என்று சொல்கிற லாட்டரிக்காரரைப் போலீஸ் அன்றைக்கே பிடித்துப் போயிருக்கும்.

ரால்ஸுக்கு இரண்டாயிரம் வருடம் முந்திய பிளேட்டோ இன்னொரு ஏற்பாடு சொன்னார். கடவுள் சிலரைப் படைக்கும்போது தங்கத்தைக் கலந்தார், சிலருக்கு வெள்ளி, மிச்சப்பேருக்கு இரும்பும் வெண்கலமும் என்று ஒரு கதையைக் கட்டி ஊரை நம்ப வைக்க வேண்டும். அப்போதுதான் அவரவர் இடத்தில் அவரவர் இருப்பார்கள். நமக்குப் பழகிய கதைதான். ஆனால் பிளேட்டோ அதைப் பொய் என்றே ஒப்புக்கொண்டு, சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லவைக்கிறார். தங்கத்துக்கு இரும்புப் பிள்ளை பிறந்தால் தயவுதாட்சண்யம் பார்க்காமல் கீழே இறக்கிவிட வேண்டும் என்றும் சேர்க்கிறார். அந்தக் கடைசி வரியைப் படித்தால் நம்மூர்ப் பெரியவர்கள் பிளேட்டோவைத் தேசவிரோதி என்பார்கள்.

பயன்வாதத்தை விட்டுவிட முடியாது. நம் நாட்டில் உண்மையாகப் பின்பற்றப்படுகிற ஒரே தத்துவம் அதுதான். வண்டி எடுத்தால் டீசல், டிரைவர், வாடகை. ஆள் எடுத்தால் சில நூறு ரூபாயும் ஒரு குவார்ட்டரும். குவார்ட்டர் இல்லாமல் அந்த நாற்றத்துக்குள் யாரும் இறங்க முடியாது. பாதுகாப்புக் கருவியை ஒழுங்காகத் தராத அரசாங்கம், நாற்றத்தைத் தாங்குகிற அந்த மருந்தை மட்டும் தானே கடை வைத்து விற்கிறது. ஆள் செத்தால் என்ன செலவு? 2014-ல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. விலை ஏறினால் பயம் வரும் என்று நீதிபதிகள் நினைத்திருக்க வேண்டும். பயம் வரவில்லை, செலவுத் தலைப்பு ஒன்று வந்தது. பொருளுக்கு விலை, மனிதருக்குக் கண்ணியம் என்று கான்ட் 1785-லேயே இரண்டு கூடையாகப் பிரித்துவைத்தார். குழியில் இறங்குகிறவர்களை நாம் எந்தக் கூடையில் போட்டிருக்கிறோம் என்று பிணவறை வாசலில் ஒப்பந்ததாரர் தரப்பு பேரம் பேசும்போது போய்க் கேட்டால் தெரியும். நிவாரணம் வாங்க விதவை அலைகிற அலைச்சலை எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு திசையில் போய்விடும்.

தடைக்கு மட்டும் பஞ்சமில்லை. 1993-ல் தடை. இருபது வருடம் கழித்து, தடை செய்தது போதாது என்று 2013-ல் மறுபடி தடை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் தடை போட்டது. ஏற்கெனவே நாடு முழுக்கக் கூடாது என்று சொன்ன காரியத்தை ஆறு ஊர்களில் தனியாகக் கூடாது என்று சொல்ல வேண்டிய நிலைக்கு நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். 2022, 2023 ஆண்டுகளின் சாவுகளில் 54-ஐ எடுத்து ஒன்றிய அரசே சமூகத் தணிக்கை செய்தது. 49 பேர் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லாமல் இறக்கப்பட்டவர்கள். இந்தப் பிழைகளுக்காகச் சிறைக்குப் போன அதிகாரிகளை எண்ண ஒரு கை விரலே அதிகம். குடிமைப் பணித் தேர்வு வழியாக வந்த இளைய அதிகாரிகள் எல்லாம் அறவியல் தாள் எழுதித் தேறியவர்கள் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கருணை பற்றி அவர்கள் எழுதிய விடைத்தாளை வாங்கிப் படித்தால் கண்ணில் நீர் வரும்.

அதிகாரியைத் திட்டி முடித்த திருப்தியோடு பக்கத்தைப் புரட்டப் போகும் வாசகரே, ஒரு நிமிடம். உங்கள் வீட்டுக் கக்கூஸ் தொட்டி அடுத்த முறை நிரம்பும்போது வருகிறவர் வண்டியோடு, குழாயோடு வருகிறாரா என்று பாருங்கள். சட்டையைக் கழற்றி மடித்து மதில் மேல் வைக்கிறார் என்றால் மூடியைத் திறக்கவிடாதீர்கள், திருப்பி அனுப்புங்கள். 14420 என்று ஓர் உதவி எண் இருக்கிறது, அழையுங்கள். உறிஞ்சும் வண்டிக்குக் கூடுதலாக ஆகும் பணம் உங்கள் டிவி கேபிளையும் கைப்பேசியையும்விடப் பெரிய செலவாக இருக்காது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாவது பிரிவு அரசை மட்டும் சொல்லவில்லை. எந்த நபரும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒருவரை இப்படி இறக்கக் கூடாது என்கிறது. நபர் என்றால் வீட்டுக்காரர், அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர், நீங்கள். ஒன்பதாம் பிரிவின்படி முதல் தடவைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையில் விடத் தகாத குற்றம். இறங்கியவர் செத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட அதில் இல்லை.